பேச்சும் பச்சைப் பொத்தானும்

கிருபாவதி அக்கா இறந்த செய்தி ஒரு வேண்டுகோளோடு சேர்ந்துதான் எனக்கு வந்தது. கூடுவாஞ்சேரி நிலையத்தில் செங்கல்பட்டு ரயிலுக்காக நின்றிருந்தேன். கட்சியின் மாவட்டச் செயலாளர் கைபேசியில் அழைத்தார். அவரை எல்லோரும் 'மாவட்டம்' என்றே கூப்பிடுவார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். "சார், அக்கா பூட்டாங்க. காலையிலதான். புக்லெட் போடறோம், நாலு வரி நல்லா எழுதிக் குடுங்க. அந்த மசோதா பேச்சு கீதில்ல, அத்த முழுசா போட்டுடலாம்." சாவுக்கும் அச்சுக்கும் நடுவில் அவர் மூச்சுகூட விடவில்லை.

எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்ததில் ஒரு பத்தியைக் காணவில்லை. அந்த மசோதாவுக்கு அக்கா எப்படி வாக்களித்தார் என்று சொல்லும் பத்தி. இரங்கல் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினீர்கள். நான் மேடையில் உட்கார்ந்திருந்தேன். நம் எல்லோரையும் நினைத்து வெட்கமாக இருந்தது. இன்றும் அது போகவில்லை.

நீங்கள் அறிந்ததுதான்: அவருடைய பெற்றோர் திருப்போரூர்ப் பக்கம் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அவர் செங்கல்பட்டு தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து, சங்கத் தலைவியாகி, வேலையை விட்டுவிட்டு நாடாளுமன்றத் தேர்தலில் நின்று வென்றவர். மற்ற உறுப்பினர்கள் இன்னும் கொஞ்சம் நேரம் தாருங்கள் என்று அவைத்தலைவரிடம் கெஞ்சுவார்கள். இவர் மணி அடிப்பதற்குள் உட்கார்ந்துவிடுவார். "அதுக்குள்ள முடிச்சிட்டீங்களே அக்கா" என்றேன் ஒருமுறை. "வெளியூருக்கு டிரங்கால் போட்டுக் குடுத்த கை, வாத்தியாரே. மூணு நிமிஷம் தாண்டினா எனக்கே பதறுது, எவன் துட்டு கட்றதுன்னு" என்று சிரித்தார்.

நான் கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளன், அதனால் வாத்தியார். அவையில் தமிழில் பேச வேண்டுமானால் முன்கூட்டியே தெரிவித்து, மொழிபெயர்ப்பாளருக்கு வழி செய்ய வேண்டும். அவர் தவறாமல் தெரிவிப்பார். மொழிபெயர்ப்பாளர் தடுமாறக் கூடாதென்று பேச்சின் ஆங்கில வடிவத்தை நான் எழுதி, ரயிலடி அருகே இருந்த கடையிலிருந்து ஃபேக்ஸில் அனுப்புவேன்.

தொண்ணூறுகளில் பொருளாதாரச் சீர்திருத்தம் பற்றி விவாதம் நடந்தபோது, மற்றவர்கள் அந்நிய முதலீடு, இறக்குமதி வரி என்று பேசினார்கள். அவர் கேளம்பாக்கம் பக்கம் கைமாறிக்கொண்டிருந்த வயல்களைப் பற்றிப் பேசினார். "விற்றவருக்குப் பணம் கிடைக்கிறது. வாங்கியவருக்கு நிலம் கிடைக்கிறது. அந்த நிலத்தில் நாற்று நட்டவளுக்கு என்ன கிடைக்கிறது என்று அமைச்சர் தம் பதிலில் சொல்ல வேண்டும்." அமைச்சர் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தொடரிலும் அதையே கேட்டார். அதற்கடுத்ததிலும் கேட்டார். அவையில் சிரிப்பு எழுந்ததாம். "சிரிக்கட்டுமே. லைன் பிஸின்னா திரும்பத் திரும்பத்தான் போடணும்" என்றார் என்னிடம்.

நல்லதை மட்டும் எழுதி முடிக்க எனக்கு மனமில்லை. என்னைத் தென்கோடியில் ஒரு கல்லூரிக்கு மாற்றியபோது, திரும்பி வர அவரிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டேன். "நீ வந்தா இங்க கீறவன் எங்க போவான்? அவனுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க கீதில்ல?" என்றார். எத்தனை பேச்சை மொழிபெயர்த்தேன் என்று நினைவூட்டினேன். "அதுக்குக் கூலி கேளு, குடுக்கறேன். லெட்டர் கேக்காத." சில ஆண்டுகள் அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினேன். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. அவர் இறந்துவிட்டதால் ஆறிவிட வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

ஆனாலும் பயங்கரவாதத்தைத் தடுக்கவென்று அந்தப் பாதுகாப்புச் சட்ட மசோதா வந்தபோது ஃபேக்ஸ் கடைக்குப் போனது நான்தான். காவல் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகும். ஜாமீன் எளிதில் கிடைக்காது. அதுதான் மசோதாவின் சாரம். அக்கா எழுந்து சொன்னார்: "இரண்டு முனையிலும் குரலைக் கேட்டு வேலை செய்தவள் நான். பயந்தவன் எதற்கும் ஆமாம் என்பான், விட்டால் போதும் என்று. அந்த ஆமாமை வைத்து ஒருவனைச் சிறையில் வைக்கலாம் என்கிறது இந்தப் பிரிவு. எங்கள் கடற்கரையைக் காக்க வேண்டும், சரி. கடற்கரையில் குடியிருப்பவனை யார் காப்பது?"

பிறகு வாக்கெடுப்பு. கட்சி மசோதாவை ஆதரித்தது. ஆதரித்தே வாக்களிக்க வேண்டும் என்று கொறடா உத்தரவு. மீறினால் பதவியே போகலாம். உறுப்பினர் மேசையில் எதிர்க்கச் சிவப்பும், விலகி நிற்க மஞ்சளும், ஆதரிக்கப் பச்சையும் இருந்தன. அக்கா பச்சையை அழுத்தினார்.

பத்திரிகைகள் பேச்சைப் போட்டன, வாக்கைப் போடவில்லை. செங்கல்பட்டு ரயிலடியில் மேளம் வைத்து வரவேற்றோம். பேசிய விதத்தைப் பார்த்து, எதிர்த்தே வாக்களித்திருப்பார் என்று ஊர் நம்பியது. "நம்பட்டும் சார். சட்டமும் நம்மது, பேச்சும் நம்மது" என்றார் மாவட்டம்.

அடுத்த மழைக்காலத்தில் ஏழுமலை அக்காவைத் தேடிக் கட்சி அலுவலகத்துக்கு வந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் படகு வைத்திருந்தவர். முன்பின் தெரியாத ஒருவனுக்கு டீசல் விற்றதாக அவர் மகன் சேகரை அந்தச் சட்டத்தில் பிடித்துப் போயிருந்தார்கள். சேகர் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தான். அக்காவின் படம் வந்த நாளிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார் ஏழுமலை.

"எம்பியம்மா, நீ அன்னிக்கே சொன்னியே. அந்தச் சட்டத்த எதுத்தவ நீ. நீ வந்து ஒரு வார்த்த சொன்னா வுட்டுடுவாங்க."

மாவட்டம் குறுக்கே வந்தார். "அக்கா பாத்துக்குவாங்க, நைனா. நீ கெளம்பு. டீ குட்ச்சியா?"

"இரு மாவட்டம்" என்றார் அக்கா. "அண்ணா, பேசினது நான்தான். ஆனா ஓட்டு அந்தச் சட்டத்துக்குத்தான் போட்டேன்."

ஏழுமலை நாளிதழைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "அப்ப இன்னாத்துக்கும்மா பேசுன?"

மாவட்டம் மின்விசிறியைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்கா மட்டும் ஏழுமலையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியல அண்ணா" என்றார்.

அதன் பிறகு சென்னையில் வழக்கு நடந்த ஒவ்வொரு முறையும் ஏழுமலையோடு பேருந்தில் போனார். நீதிமன்ற வராந்தாவில் அவரோடு நின்றார். ஏழுமலை பல நாள் அவரிடம் பேசவே இல்லை. சேகர் வெளியே வர நெடுங்காலம் ஆயிற்று. கடைசியில் வழக்கு நிற்கவில்லை. வெளியே வந்தவன் கடலுக்குப் போவதை விட்டுவிட்டான்.

பொதுக்கூட்டங்களில் அந்தப் பேச்சைச் சொல்லி யாராவது அவரைப் புகழ்ந்தால், மைக்கை வாங்கி, "ஓட்டு மசோதாவுக்குத்தான் போட்டேன், அதையும் சேத்துச் சொல்லுங்க" என்பார். "எதுக்குக்கா நீங்களே சேத்த வாரிப் பூசிக்கிறீங்க?" என்று மாவட்டம் சலித்துக்கொண்டார். "பூசினது அன்னிக்கே ஆயிடுச்சு. இப்ப காட்டறேன், அவ்ளோதான்."

அந்தச் சட்டத்தைப் பற்றி அவையில் மறுபடி விவாதம் வந்தது. அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. "இதற்கு நான் ஆதரவாக வாக்களித்தேன். பிறகு எதற்குப் பேசினாய் என்று என் தொகுதியில் ஒரு தகப்பன் கேட்டார். பதில் இல்லாமல் இந்த அவைக்கு வந்திருக்கிறேன். இது அவைக்குறிப்பில் இருக்கட்டும்." நான் ஆங்கிலத்தில் எழுதியவற்றில் அலங்காரமே சேர்க்க முடியாமல் போனது இது ஒன்றுதான். அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு இடம் தரவில்லை. புத்தகத்தில் இந்தப் பேச்சும் இல்லை.

இரங்கல் கூட்டத்துக்கு ஏழுமலை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாவட்டம் விடவில்லை. "அக்காவாலதான் பையன் வெளிய வந்தான்னு ரெண்டு வார்த்த சொல்லு நைனா" என்று மைக்குக்கு இழுத்து வந்தார். அவர் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. "எம்புள்ள மூஞ்சியப் பாத்தா இன்னும் எனக்கு இந்தம்மா மேல கோவந்தான் வருது. அத்த இவங்களாண்டயே சொல்லிகினு இருந்தேன், கேட்டுகினாங்க. இனிமே யாராண்ட சொல்றது? அதான் வந்தேன்." அடுத்த பேச்சாளரை அவசரமாக அழைத்தார்கள்.

அந்த மசோதாப் பேச்சு எனக்கு இரண்டு மொழியிலும் மனப்பாடம். நான் வைத்துக்கொள்ளப்போவது அதை அல்ல. ஏழுமலை கேட்ட அன்று, 'கொறடா உத்தரவு' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அது பொய்யும் அல்ல. கேட்ட யாரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். அக்கா அந்தச் சொல்லை எடுக்கவே இல்லை. எடுக்காமல் விட்ட அந்தச் சொல்தான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. என் வாழ்க்கையில் நடக்காமல் போன ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. பெரும்பாலும் அது இன்னொருவருடைய பெயர். அதில் ஒரு பெயர் அவருடையது.