பள்ளத்தில் நட்ட கிளை

விபத்து வழக்கு பார்க்கும் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தால், ஆளைத் தள்ளிவிட்ட அதே ரோட்டில்தான் கேஸ் கட்டையும் சுமந்துகொண்டு போகவேண்டும். நீங்களும் அந்த ரோட்டில் இடுப்பு கழன்றவர்கள்தானே, கேளுங்கள்.

ஒரே ஒரு வரி

2007இல் சிதம்பரத்தில் எங்கள் வக்கீலைத் தேடி வந்தார் தனவேலு. குமராட்சி பக்கம் மினி பஸ் டிரைவர். ஒரு மழைக்காலக் காலையில் மொபெட்டில் வேலைக்குப் போனவர், வாய்க்கால் பாலத்தின்மேல் தண்ணீர் நின்ற பள்ளத்தில் விழுந்து இடது காலை முறித்துக்கொண்டார். போலீஸ் எழுதியது: ‘அஜாக்கிரதையாக ஓட்டித் தானாகவே விழுந்தார்.’

கால் கூடிவிட்டது. அந்த ஒரு வரியால் வேலைதான் போய்விட்டது. தப்பு தன்மேல் இல்லை என்று கோர்ட் சொல்லவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. பஸ் முதலாளி தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: “கோர்ட்டுல எழுதி வாங்கியா, அன்னைக்கே சாவிய தரேன்.”

பள்ளம் யாருடையது?

வழக்குப் போட, அந்த இடம் எந்த ஆபீஸுக்குச் சொந்தம் என்று தெரியவேண்டும். அலைந்தேன். ரோட்டு ஆபீஸில், “பாலம் எங்களுது இல்ல” என்றார்கள். பஞ்சாயத்தில் ரோட்டு ஆபீஸையே கைகாட்டினார்கள். வாய்க்கால் ஆபீஸில் மூன்றாவது தடவை போனபோதுதான் ஆளே இருந்தார். எனக்கு வந்த எரிச்சலுக்கு கேஸ் கட்டை அங்கேயே வீசியிருப்பேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “வாய்க்கா எங்களுது சார், பாலமும் எங்களுது. ஆனா பள்ளம் எங்களுது இல்ல.”

மூன்று பேர்மேலும் போட்டோம்.

போட்டோ

எங்கள் பக்கம் பள்ளத்துக்கு ஒரு போட்டோ உண்டு. அன்று கால் தொங்க, வலியில் கத்திக்கொண்டே தனவேலு ஓடிவந்த தன் மச்சானிடம் முதலில் சொன்னது, “கிளை ஒண்ண ஒடிச்சு நடுடா, அடுத்தவன் விழுந்துடப் போறான்” என்பதுதான். மச்சான் வேப்பங்கிளையை நட்டு, சிவப்புத் துணியும் கட்டி, பிறகு படம் எடுத்தார். மழை வந்தால் எங்கள் பக்கத்துப் பள்ளங்களில் எல்லாம் இப்படி ஒரு கிளை நிற்கும்.

அதைக் கோர்ட்டில் கொடுத்தோம். ரோட்டு ஆபீஸ் பதில் போட்டது: முறைப்படி எச்சரிக்கை அடையாளம் வைத்திருந்தோம், மனுதாரர் பார்க்காமல் போய் விழுந்தார். அரசு வக்கீல் கடலூர் கோர்ட் வராந்தாவில் என் தோளைத் தட்டினார்: “உங்க போட்டோவுலயே எங்க போர்டு நிக்குதே!”

கமிஷனர் வந்தார்

விழுந்து ஒன்றரை வருஷமாகியும் பள்ளம் அப்படியேதான் இருந்தது. இடத்தைப் பார்க்கக் கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பியது. முந்தின நாள் சாயங்காலமே லாரி வந்து, ஜல்லி கொட்டி, தார் ஊற்றி, பாலமே பளபளவென்று ஆகிவிட்டது. கமிஷனர் நேர்மையான மனிதர். ‘பள்ளம் காணப்படவில்லை’ என்று எழுதிக்கொண்டார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, பாலத்துக்கு எதிர்த்த டீக்கடை அக்காவுக்கு மட்டும் ஏக சந்தோஷம்: “இன்னும் நாலு கேஸு போடுங்க சார், லால்பேட்ட வரைக்கும் ரோடு வந்துடும்.”

கூண்டில் தனவேலு

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தோம். குறுக்கு விசாரணையில் அரசு வக்கீல் போட்டோவைக் காட்டி, “இது அரசாங்கம் வைத்த அடையாளம்தானே?” என்றார். தனவேலுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “அவுங்களா? அவுங்க யாரு இந்தப் பக்கம் வந்தா? அது எங்க மச்சான் நட்டது. நான் விழுறதுக்கு முந்தின மழைக்கு நானே நட்டேன் சார்!” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அரசு வக்கீல் மிக மரியாதையாக உட்கார்ந்தார்: “முந்தின மழையிலேயே பள்ளம் இவருக்குத் தெரியும். வேறு கேள்வி இல்லை.”

பாதி

2010இல் தீர்ப்பு வந்தது. பள்ளத்தை மூடாதது அரசின் குற்றம். தெரிந்த பள்ளத்தில் போய் விழுந்ததால் பாதித் தப்பு தனவேலுவுடையது. முதலாளி, பாதித் தப்பும் தப்புதான் என்று சாவியைத் தரவில்லை. தீர்ப்பு நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தனவேலு கோர்ட் படியிறங்கினார். என்னிடம் திரும்பிச் சொன்னார்: “இனிமே விழுந்தா தெரியாத ஊரு ரோட்டுலதான் சார் விழணும்.”

இத்தனை வருஷம் கட்டுத் தூக்கி நான் படித்த சட்டம் இவ்வளவுதான்: நம் ரோட்டில் பள்ளத்துக்குச் சொந்தக்காரனைக் கண்டுபிடிக்கவே முடியாது, கிளை நட்டவனை மட்டும் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.