பட்டாணிப் பேத்தைக்கு ஒரு துணை

பல் ஆஸ்பத்திரியில் ஊரார் வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவள் உத்தியோகம். அண்ணி பார்த்துக் கட்டிவைத்த புருஷனோடு வாழ முடியாமல் அண்ணன் வீட்டுப் பின்னறைக்கே திரும்பியவள், ஒருநாள் சின்னக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கினாள். கூடவே, உடம்பைப் பந்தாக உப்பிக்கொள்ளும் பேத்தை மீனும் கேட்டாள்.

"பச்சைப் புள்ளிப் பேத்தை வேணாம்மா, பெருசா வளரும், உப்புத் தண்ணி கேக்கும். இந்தத் தொட்டிக்குப் பட்டாணி சைஸ் பேத்தைதான் சரி. அதுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும்; நத்தை போடுங்க, ஓட்டைக் கடிச்சாத்தான் தேயும். வேற மீனை மட்டும் சேர்க்காதீங்க, குதறிடும்" என்றார் கடைக்காரர்.

அவளுக்கு அந்த மீனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவள் வேலைக்குப் போயிருந்தபோது அந்தப் புண்ணியவதி அண்ணி, "பாவம், ஒத்தையா கிடக்கே" என்று ஒரு கப்பி மீனை வாங்கி உள்ளே விட்டாள். சாயங்காலம் அது வாலில்லாமல் செத்து மிதந்தது.

"சீ! யாரோடயும் ஒத்துப்போகத் தெரியாத ஜென்மம்" என்றாள் அண்ணி. சொல்லும்போது அவள் தொட்டியைப் பார்க்கவில்லை.

செத்த மீனை வலையில் அள்ளிக்கொண்டே இவள் கேட்டாள்: "துணை வேணும்னு அது உங்ககிட்ட கேட்டுச்சா அண்ணி? அன்னிக்கு நானும்தான் கேக்கலை."