ஒரு சொட்டும் ஒழுகாத வீடு

சிம்பாங் ரெங்கம், சனிக்கிழமை, காலை ஏழு மணி.

மாரிமுத்துவின் பட்டறை வாசலில் டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, எல்லாம் முடிந்தது. என் கணவர் குணசேகரன் ஏறி உட்கார்ந்து இன்ஜினையும் முடுக்கிவிட்டார். நான் மட்டும் ஏறவில்லை. பிக்அப்பின் முதுகில் பளபளவென்று உட்கார்ந்திருந்த அந்த அலுமினியப் பெட்டியைச் சுற்றி வந்து, அதை இழுத்துப் பிடித்திருக்கும் கொக்கிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். இது ஊரறிந்த சங்கதி, மறைத்துப் பயனில்லை.

"வசந்தி, ஏறு லா. அது எங்கயும் ஓடிறாது."

"ஓடாது. பறந்துருச்சுன்னா?"

மாரிமுத்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அண்ணி, பெட்டியப் பிச்சு எடுக்கணும்னா பிக்அப்பையும் சேத்துத்தான் பிச்சு எடுக்கணும். நான் போட்ட போல்ட்டு."

பெட்டியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்குக் கேம்பர் என்று பெயர். பிக்அப்பின் பின்தட்டில் தூக்கி வைத்துப் பூட்டிக்கொள்ளும் வீடு. எந்தக் காலத்திலோ தோட்டத்து இன்ஜினியராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கொண்டுவந்து, போகும்போது விட்டுவிட்டுப் போனதாம். எண்ணெய்ப் பனையான செம்பனைக் காட்டோரம் கிடந்து, உள்ளே மரச்சட்டமெல்லாம் கரையான் தின்று, இரும்பு ஆணி அடித்த இடமெல்லாம் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். பார்த்தவர் சும்மா விட்டாரா?

அவர் முப்பது வருடம் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். விடியுமுன் எழுந்து கடற்பாலம் தாண்டி, இருட்டிய பிறகு திரும்பி வந்த மனுஷர். ஓய்வு பெற்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கடலோரமாக எங்காவது, வெயில் முகத்தில் படும்வரை தூங்க வேண்டும். அதற்காக எட்டு மாதம், எங்கள் ஊரான ஜொகூர் பாருவிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் வந்து வந்து, மாரிமுத்துவோடு சேர்ந்து பெட்டியைப் பிரித்துக் கோர்த்தார். பழைய தகட்டைக் கழற்றி, சட்டம் மாற்றி, புது ரிவிட் அடித்து, ஒவ்வொரு ரிவிட்டின் தலையிலும் பசை தடவினார். கூரையில் சூரியப் பலகை, உள்ளே பேட்டரி, குட்டிக் குளிர்ப்பெட்டி, மின்விசிறி. திரைச்சீலை என் கைவேலை. கூரையில் காற்றுக்கென்று ஒரு பழைய மூடியும் சுவரில் சல்லடைத் துவாரங்களும் இருந்தன. எல்லாம் ஒழுகின. எல்லாவற்றையும் தகடு வைத்து அடைத்தார்.

"காத்துக்கு என்னா அண்ணே பண்ணுவீங்க?" என்று மாரிமுத்து அன்றைக்கே கேட்டார்.

"சன்னல் இருக்குல்ல. தண்ணி உள்ள வந்தா அது கப்பல் இல்ல, தம்பி."

இதுதான் என் கணவரின் வேதவாக்கு. பட்டறைக் குழாயை மணிக்கணக்கில் பெட்டியின்மேல் பீய்ச்சி அடித்துவிட்டு, உள்ளே போய் விரலால் மூலை மூலையாகத் தடவிப் பார்ப்பார். நாங்கள் போகவிருந்த கிழக்குக்கரை மெர்சிங் பக்கம் மழைக்காலம் தொடங்கிவிட்டதே, தைக்கு மேல் போகலாமே என்றேன். மழைக்காகத்தான் போகிறோம் என்றார்.

குளுவாங், எட்டரை மணி. சந்தைக்குப் பக்கத்தில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் தோசையும், தே தாரிக் என்னும் ஆற்றிய தேநீரும். இருவருக்கும் ஒன்பது வெள்ளி. இருபத்தைந்து கிலோமீட்டர் வருவதற்குள் இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லியிருந்தேன். முதலில், பின்னால் டக் டக் என்று சத்தம். கொக்கி கழன்றுவிட்டது என்று அலறினேன். இறங்கிப் பார்த்தால் அலமாரிக்குள் கெண்டி உருண்டுகொண்டிருந்தது. அடுத்து, அடுப்பு கேஸ் கசிகிற நாற்றம் என்றேன். முன்னால் ஒரு லோரி, தோட்டத்துக் கட்டிப்பாலை ஏற்றிக்கொண்டு போனது. ரப்பர்ப் பால் புளித்த நாற்றம் தெரியாதவளா நான்? பயம் வந்தால் மூக்கும் மாறிப்போகிறது.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஒற்றைத் தடச் சாலை, இருபுறமும் செம்பனை, ககாங் தாண்டியதும் காடு. எதிரே பெரிய லோரி வரும்போதெல்லாம் அதன் காற்று பெட்டியில் மோதி, வண்டி ஒருபக்கம் சாய்ந்து நிமிரும். நான் கதவின் மேல்பிடியை விடவே இல்லை. மஞ்சள் பலகையில் கறுப்பு யானை வரைந்து, கடக்கும் இடம் என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒவ்வொரு வளைவிலும் யானை தெரிந்தது. ஒரு யானையை உறுதியாகப் பார்த்தேன். கிட்டே போனதும் அது கறுப்புத் தண்ணீர்த் தொட்டியாக மாறி நின்றது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒங்கண்ணுக்கு மட்டும் யானை" என்றார் அவர்.

சிரித்தேன். ஆனால் என் நிஜப் பயம் யானை இல்லை. அறுபது வயதில் ஆசைப்பட்டது கிடைத்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதனால்தான் கொக்கி, கேஸ், யானை என்று வேறு பெயர்களில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆயர் பப்பான் கடற்கரை, பகல் பன்னிரண்டு. மெர்சிங் ஊரைத் தாண்டி வடக்கே பத்து கிலோமீட்டர். சவுக்கு மரங்களுக்கு அடியில் வண்டி நிறுத்த இருபது வெள்ளி வாங்கினார்கள். மழைக்காலம் என்பதால் எங்களைத் தவிர யாரும் இல்லை. கடல் பழுப்பு நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. இருநூறு அடி தள்ளி ஒரு பலகாரக் கடை. ரோஹானி என்ற மலாய்க்கார அம்மாள் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தார். அலை இவ்வளவு தூரம் ஏறுமா என்று அவரிடமும் கேட்டேன். முப்பது வருடமாக ஏறவில்லை என்றார். இதோடு என் பயக்கணக்கு நாலு.

கட்டிக் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டோம். புது இடத்தில் சாம்பிராணி போடாமல் தலை சாய்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதிலும் இது யார் யாரோ படுத்த பெட்டி. மண் தூபக்காலில் கரியைக் கனியவைத்து, கதவும் சன்னலும் விரியத் திறந்து, மூலை மூலையாகக் காட்டினேன். புகை அடங்கியதும் தூபக்காலை வெளியே, வண்டியின் பக்கவாட்டில் கட்டிய பந்தல் துணிக்கு அடியில் வைத்துவிட்டு, பொரித்த பழம் வாங்கி வருகிறேன் என்று நடந்தேன்.

கடைக்குப் போய்ச் சேரவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. கிழக்குக்கரை மழை நம் பக்கத்து மழை இல்லை. கடலும் வானமும் ஒன்றாகிவிட்டன. திரும்பிப் பார்த்தேன். பந்தல் துணி கிழிந்துவிடுவதுபோல் அடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் எதையோ குனிந்து எடுத்துக்கொண்டு உள்ளே ஏறி, எனக்குக் கையாட்டிவிட்டு, கதவைச் சாத்தினார். சன்னல்களும் ஒவ்வொன்றாக மூடின. மழையில் நனையாமல் இருக்கிறாரே என்று மனசுக்கு ஆறுதலாகவும் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கைப்பேசியில் கூப்பிட்டேன்.

"ஒரு சொட்டு இல்ல, வசந்தி! ஒரே ஒரு சொட்டுகூட இல்ல! எல்லா மூலையும் பாத்துட்டேன்." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "தலைதான் லேசா வலிக்குது. வண்டி ஓட்டுனது. செத்த படுக்குறேன்."

மழை விடவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. இன்னொரு முறை அடித்தேன். எடுக்கவில்லை.

"தூங்குவார். மழைக்கு நல்லாத் தூக்கம் வரும்" என்றார் ரோஹானி அம்மாள் மலாயில்.

தூங்கத்தானே வந்தார்? காலையிலிருந்து நாலு முறை வீணாகப் பயந்தாயிற்று. ஐந்தாவது முறையும் ஓடிப்போய் எழுப்பினால், வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த வெட்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பழம் ஆறிப்போனது. லேசாகத் தலை வலிக்குது என்று சொன்னாரே, அது மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்குத் தலைவலி வருவதே இல்லை. தலைவலி எல்லாம் எனக்குத்தான். எழுந்து மழையில் ஓடினேன்.

கதவைத் திறந்ததும் சாம்பிராணி மணம். புகை துளியும் இல்லை. மெத்தையில் சுவரோடு சாய்ந்து அவர் இருந்தார். வாய் திறந்திருந்தது, எச்சில் ஒழுகியிருந்தது, முகம் சிவந்திருந்தது. காலடியில் என் தூபக்கால். தணல் சாம்பல் பூத்து, உள்ளே சிவப்பாக இருந்தது.

"ஏங்க... ஏங்க!"

கண்ணைத் திறக்கவில்லை. நான் போட்ட கூச்சல் மழையையும் தாண்டியிருக்க வேண்டும். ரோஹானி அம்மாள் ஓடி வந்தார். ஏணிப்படியில் நின்று எட்டிப் பார்த்தவர், "ஆராங்! ஆராங்!" என்று கத்தினார். கரி, கரி என்கிறார். தூபக்காலை வெளியே தள்ளி, சன்னல்களை அடித்துத் திறந்தோம். ஆளுக்கொரு தோளைப் பிடித்து, படியில் இடித்து, மணலில் இழுத்துப் போட்டோம். இவ்வளவு கனமான மனிதரா இவர்? முகத்தில் மழை அறைந்தது. இருமினார். வாந்தி எடுத்தார். கண்ணைப் பாதி திறந்து, "பஸ் வந்துருச்சா?" என்றார். அந்தக் காலத்தில் வேலைக்குப் போக, விடியற்காலை நான்கு மணிக்குக் கடற்பாலம் தாண்டும் பஸ்ஸைக் கேட்கிறார். 

ஆம்புலன்சுக்குச் சொன்னோம். இருந்த வண்டி வேறு பக்கம் வெள்ளத்தில் மாட்டியிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். ரோஹானி அம்மாளிடம் மோட்டார்சைக்கிள்தான். கடைசியில் சாவியை நான் எடுத்தேன். வீட்டிலிருந்து சந்தைக்குச் சின்னக் கார் ஓட்டுகிறவள் நான். அவரைப் பின் இருக்கையில் படுக்கவைத்து, அந்த அம்மாள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, மழை உள்ளே அடிக்க அடிக்க ஓட்டினேன். வளைவில் பெட்டி என்னைத் தள்ளியது. கொக்கி ஞாபகமே வரவில்லை. பின்னாலிருந்து "மூச்சு இருக்கு, போ, போ" என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் குரல் நின்றுவிடுமோ என்ற ஒரே பயம்தான் எனக்கு. பத்து கிலோமீட்டர் இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மெர்சிங் ஆஸ்பத்திரி. முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். டாக்டர் நம் தமிழ்ப் பெண், சின்ன வயது. "ரூமுக்குள்ள கரி எரிஞ்சதா ஆன்ட்டி?" என்றுதான் முதலில் கேட்டார். கனிந்த கரி விடும் விஷக்காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லையாம். புகை நின்றால் ஆபத்து நின்றது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா..." என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவருக்குப் பேச்சுத் தெளிந்தது.

"அத எதுக்குங்க உள்ள கொண்டு போனீங்க?"

"மழையில அணைஞ்சிருச்சுன்னா நீ பயப்படுவ. மொத நாளே சாமித் தணல் அணைஞ்சிருச்சேன்னு." முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தார். "முப்பது வருஷம் கப்பல் டேங்க்ல எறங்குனேன். காத்து சோதிக்காம ஒரு நாள் எறங்குனது இல்ல. கெட்ட காத்து ஆளக் கொன்னுரும்னு புதுசா வர்றவங்களுக்கெல்லாம் நானே சொல்லுவேன். இது டேங்க்னு தோணல, வசந்தி. வீடுன்னு நெனச்சுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பயத்துக்கு இரக்கப்பட்டுத்தான் அவர் சாகப் பார்த்தார்.

ஞாயிறு மதியம் வீட்டுக்கு விட்டார்கள். கடைக்குப் போய் ரோஹானி அம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் ஒரு பை நிறையப் பொரித்த பழம் கொடுத்தார்; காசு வாங்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் நான்தான் ஓட்டினேன்.  காட்டுச் சாலையும் லோரிகளும் நேற்று இருந்தபடியேதான் இருந்தன. எனக்கும் பயம் போய்விடவில்லை. அவர் கொஞ்சம் கண் அயர்ந்தாலும் தொடையைக் கிள்ளி எழுப்பினேன்.

ஓட்டும்போது எங்கள் ஜொகூர் பாரு வீட்டை நினைத்துக்கொண்டேன். தாமான் என்னும் பழைய குடியிருப்பில் ஒரு வீடு. கதவுக்கு மேலே காற்றுத் துவாரம், கூரைக்கும் சுவருக்கும் நடுவே விரல் போகும் இடைவெளி, சமையலறையில் மழைக்கு ஒழுகும் மூலை. கரப்பான் வருகிறது, எலி வருகிறது என்று அந்த ஓட்டைகளைத் திட்டாத நாள் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போட்டு, தூபக்காலைச் சாமி அறையில் அப்படியே விட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறோம். அந்த ஓட்டைகள்தான் இத்தனை வருடமும் எங்களை உயிரோடு எழுப்பிவிட்டிருக்கின்றன.

சிம்பாங் ரெங்கம், மாலை ஐந்து மணி. மாரிமுத்துவுக்கு வழியிலேயே கைப்பேசியில் சொல்லியிருந்தேன். விடுமுறை நாளிலும் பட்டறையைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். என் கணவரைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு துளையிடும் கருவியை எடுத்து வந்தார்.

காற்றுத் துளை கூரையில் ஒன்று, கீழே சுவரில் ஒன்று என்று முடிவாயிற்று. என் கணவர் ஏணியில் ஏறி, எட்டு மாதம் தடவித் தடவிப் பார்த்த அந்தத் தகட்டில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். கையகலம்கூட இல்லை.

"பெருசாப் போடுங்க" என்றேன்.

கொஞ்சம் பெரிதாகப் போட்டார்.

"இன்னும் பெருசா."

பென்சில் தயங்கியது. "தண்ணி உள்ள வரும், வசந்தி."

"வரட்டும். தண்ணிய நான் தொடச்சுக்குறேன். நீங்க இருக்கணும்."