தேசிக்காய் கட்டிய போர்க்கப்பல்

மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் அண்ணையும் நானும் இருந்த நிலக்கீழ் வீட்டில் ஒரு சாப்பாட்டு மேசை இருந்தது. கடைசிக் குளிர்காலத்தில் அதில் நாங்கள் சாப்பிடவேயில்லை. மேசை முழுவதும் ஒரு போர்க்கப்பல் கிடந்தது.

அண்ணை எனக்கு உறவில்லை. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, நாடு நாடாக அலைந்து, சரக்குக் கப்பலில் எண்ணெய் துடைத்து, கடைசியில் இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவ வந்தபோது, பக்கத்துத் தொட்டியடியில் நின்றவர் அவர். வெந்நீரில் இருவருக்கும் கை வெடித்தது. அவருக்கு முழங்கால் போனதும் வேலையை விட்டார். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் கப்பல் கட்டத் தொடங்கினார்.

அவருடைய தகப்பன் இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் பலகையில் தொங்கியபடி கப்பல்களுக்குப் பெயின்ட் அடித்தவர். அப்படி ஒருமுறை வெள்ளைக்காரனின் பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்கும் அடித்தார். அதன் பக்கவாட்டு இரும்பு ஒரு சாண் தடிப்பு. அது போய் நின்றாலே எதிரி திரும்பிவிடுவான் என்று துறைமுகமே நம்பியது. பேந்து அது மலாயாக் கடலில் யப்பான் விமானங்களிடம் அகப்பட்டு ஒரே பகலில் தாழ்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. இன்னொரு கப்பலின் பீரங்கிக்குத்தான் அந்த இரும்பு. வானத்திலிருந்து விழுந்த குண்டுக்கும் தண்ணீருக்கடியில் வந்த டோர்பிடோவுக்கும் அது போதவில்லை. தகப்பன் இதைச் சாகும்வரை நம்பவில்லை. மகனும் நம்பவில்லை.

ஒருநாள் கைபேசியில் அந்தக் கப்பல் தாழும் படத்தைக் காட்டினேன்.

"அது வேற கப்பல்" என்றார் அண்ணை.

"எப்பிடித் தெரியும்?"

"ஐயா அடிச்ச பெயின்ட் இவ்வளவு மங்கலாயிராது."

கோடையில் அண்ணையின் மகள் வந்து அவரை டொரொன்டோவுக்குக் கூட்டிப்போக இருந்தாள். அதற்குள் கப்பல் ஒருதரமாவது தண்ணீரில் நிமிர்ந்து நிற்க வேண்டும், தாழக்கூடாது. அவருக்கு வேறு ஆசை இருக்கவில்லை. உணவகத்திலிருந்து ஒலிவ் எண்ணெய்த் தகரங்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவற்றை வெட்டி, பலகையில் அறைந்து, சாம்பல் நிறம் பூசினார். பேனாக் குழாய்கள் பீரங்கிகளாயின. வீடெங்கும் பெயின்ட் மணம். வெளியே பனி யன்னலை மூடிக் கிடக்கும். சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கொடிமரம் எங்கே வரவேண்டும் என்று சண்டை பிடிப்போம். அந்தச் சண்டைகளை இப்போது நினைத்தாலும் எனக்குப் பசிக்கிறது.

பனி உருகி, வெயில் ஏறியபின் ஒரு ஞாயிறு பகல் பேருந்து மாறி மாறி, ஆற்றுத் தீவான இல்-பிசாருக்குப் போனோம். அக்கரை லாவாலுக்குப் படகு போகும் துறைக்குச் சற்றுத் தள்ளி ஆறு அமைதியாக இருந்தது. அண்ணை பையிலிருந்து கற்பூரம், தேங்காய், ஒரு நூலில் மாலையாகக் கோத்த மஞ்சள் தேசிக்காய்களும் செத்தல் மிளகாயும் எடுத்தார். புது வாகனத்துக்குச் செய்வதெல்லாம் கப்பலுக்கும் செய்தார். கற்பூரம் காட்டினார், தேங்காய் உடைத்தார். பிறகு தேசிக்காய் மாலையைக் கொடிமர உச்சியில் கட்டப் போனார்.

"அண்ணை, உச்சியில பாரம் ஏத்தாதேங்கோ. சரியும்."

"நீ பேசாமல் இரு. கண்ணூறு, நாவூறு பட்டுத்தான் ஐயாவின்ர கப்பலுக்கே அந்தக் கெதி."

"அது தாழேல்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"தாழேல்லைத்தான். நாவூறு மட்டும் பட்டது."

கட்டினார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கப்பலை மெல்லத் தள்ளினேன். நிமிர்ந்து நின்றது. தகரத்தில் வெயில் பட்டு மின்னியது. அண்ணை முழங்கால் நோவை மறந்து குந்தினார்.

"பாரடா, அசையுதே? ஐயா சொன்னது பொய்யே?"

அந்த நேரம் மோட்டார் படகு ஒன்று ஆற்றின் நடுவே பாய்ந்து போனது. அதன் அலை கரைக்கு வந்தது. கப்பல் சாய்ந்தது. தேசிக்காய்கள் எல்லாம் ஒரு பக்கம் ஊஞ்சலாடிப் போய் அங்கேயே தொங்கின. கப்பல் திரும்ப நிமிரவில்லை. தட்டுக்குள் தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. பிறகு கயிறு மட்டும்தான் தெரிந்தது.

இழுத்து எடுத்தேன். பேருந்துத் தரிப்பிடத்தில் கப்பல் எங்கள் நடுவே வாங்கில் கிடந்தது. அதிலிருந்து தண்ணீர் ஒழுகியது. இல்-பிசாரில் ஞாயிறு பேருந்துக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

"ஐயாவின்ர கப்பல் கடலில தாண்டுதான் போச்சு, என்ன?" என்றார் கடைசியில்.

"ஓம் அண்ணை."

"அதில இருந்த பெடியள் பாவம்." மாலையை அவிழ்த்துக் கையில் சுற்றினார். "ஐயா பெயின்ட் அடிச்சு முடிச்சு இறங்கி வீட்ட வந்திட்டார். அதாலதானே நான் இருக்கிறன். இவ்வளவு காலமும் இதை நான் யோசிக்கேல்லை."

கப்பலை அவர் டொரொன்டோவுக்குக் கொண்டுபோகவில்லை. இப்போது அது என் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கிறது. அடித்தகரம் கறள் பிடித்துவிட்டது. மேசை காலி. அதில் நான் தனியாகச் சாப்பிடுகிறேன்.

மாதத்தில் ஒருதரம் அண்ணை தொலைபேசி எடுப்பார்.

"கப்பல் நிக்குதோ?"

"நிக்குது அண்ணை."

"உச்சியில ஒண்டும் கட்டாதை" என்பார்.