ஓடிப்போற ரோட்டுக்குச் சவாரி

வாடகைக் கார் ஓட்டுறது என்ன பொழப்புன்னு கேட்டா ஒரே வரியில சொல்லிருவேன்: அடுத்தவங்க பாக்க ஆசைப்படுற எடத்துக்கு அவங்களைக் கொண்டுபோயி எறக்கிவிட்டு, அவங்க பாத்து முடிக்கிற வரைக்கும் வண்டிக்குள்ள உக்காந்து கொட்டாவி விடுற பொழப்பு. நம்ம லைன்ல இருக்குறவங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்ல. எப்பேர்ப்பட்ட கோயில் வாசல்ல நிறுத்தினாலும் நமக்குத் தெரியிறது முன்னாடி நிக்கிற வண்டியோட பம்பர்தான்.

எழுபதுகள்லயும் எம்பதுகள்லயும் போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நின்ன அம்பாசிடர்கள்ல ஒண்ணு நான் ஓட்டுனது. வண்டி எங்க முதலாளியோடது. ஏலக்காய் வியாபாரி. சவாரிக்கு வர்றவங்களுக்கு எங்க பாஷையில 'பார்ட்டி'ன்னு பேரு. கல்யாணப் பார்ட்டி, சாவு வீட்டுக்குப் போற கேதப் பார்ட்டி, ஏலத்துக்கு வர்ற வியாபாரிப் பார்ட்டி. இது போக, வருசத்துல நாலஞ்சு பேரு 'சண்டை ரோடு' பாக்கணும்னு வருவாங்க. மூணாறுக்கு மேல, டாப் ஸ்டேஷன் தாண்டி கொடைக்கானல் பக்கமாப் போற காட்டு ரோடு அது. ஜப்பான்காரன் கடல் வழியா வந்து எறங்கிட்டா, கொடைக்கானல்ல இருக்குற வெள்ளைக்காரங்க மலைக்குள்ளயே பூந்து கொச்சிப் பக்கம் தப்பிக்கிறதுக்குன்னு ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்துல அதைச் சீர் பண்ணுனாங்கன்னு சொல்லுவாங்க.

எங்கய்யா, அதான் என்னைப் பெத்தவரு, அந்த ரோட்டு வேலைக்குப் போனவரு. நான் அப்ப எங்காத்தா வயித்துல. போன மனுசன் திரும்பி வரல. இருக்காரா, செத்தாரா, ஒரு சேதியும் கெடையாது. அந்த ரோட்டுக்கே ஊரு உலகத்தையெல்லாம் நான் கூட்டிட்டுப் போனேன் பாருங்க, அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

பேரு வச்ச கதை

மதுரைக் காலேஜ்ல வரலாறு சொல்லிக்குடுக்குற வாத்தியாரு ஒருத்தரு வந்தாரு. போடிமெட்டு ஏறுற வரைக்கும், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் நம்ம குடலு வாய்க்கு வர்ற நேரத்துலயும், மனுசன் பேச்சை நிப்பாட்டல. "இதுக்கு இங்கிலீஷ்ல எஸ்கேப் ரோடுன்னு பேரு. தமிழ்ல என்ன வைக்கலாம்னுதான் யோசிக்கிறேன்"னாரு. நான், "சார், நீங்க செரமப்படாதீங்க, கல்லு சுமந்தவங்க அப்பவே வச்சுட்டாங்க, ஓடிப்போற ரோடு"ன்னேன்.

அந்தப் பேருதான் எங்க குடும்பத்துல விழுந்த இடி. "ஓடிப்போற ரோட்டுக்கு வேலைக்குப் போறேன், ரோடு முடிஞ்சதும் வந்துர்றேன்"னு சொல்லிட்டுப் போயிருக்காரு எங்கய்யா. கேட்டவங்களுக்கெல்லாம் எங்காத்தா, "அவரு ஓடிப்போற ரோட்டுக்குப் போயிருக்காரு"ன்னு சொல்லிருக்கா. வருசம் போகப் போக ஊரு வாயில ரோடு தேஞ்சு போச்சு, ஓடிப்போனது மட்டும் நின்னுச்சு. 'அவ புருசன் ஓடிப்போயிட்டானாம்ல!' அதோட விட்டாங்களா? மூணாத்துல ஒரு மலையாளத்துக்காரியையும் சேத்துவச்சு, அவருக்கு ரெண்டு பிள்ளையும் குடுத்துட்டாங்க. எங்காத்தா ஏலக்காய்க் கடையில காய் பொறுக்குறவ. பக்கத்துல உக்காந்தவ ஒருத்தி இந்தப் பேச்சை எடுத்தப்ப, புடைக்கிற சொளகைக் காயோட தூக்கி அவ மூஞ்சியில வீசிட்டா.

இதையெல்லாம் நான் வண்டியை ஓட்டிக்கிட்டே வாத்தியாருகிட்டச் சொன்னேன். அவரு முன்னாடி சாஞ்சு என் தோள்ல கையை வச்சாரு. ஆறுதலா எதோ சொல்லப்போறாருன்னு நெனச்சேன்.

"ஓடிப்போற ரோடு... நல்லா இருக்கே டிரைவர், இதை என் புஸ்தகத்துல போட்டுக்கலாமா?"

ஓடுனவங்க

அந்த ரோட்டுல வெள்ளைக்காரன் ஒருத்தனும் ஓடல. ஜப்பான்காரன் வந்தாத்தான ஓடுறதுக்கு! ஆனா என் வண்டியில வந்து ரெண்டு பேரு ஓடுனாங்க. ஒரு பையனும் பொண்ணும். பையன் கழுத்துல கேமரா. "அண்ணே, சண்டை ரோடு பாக்கணும், ஆராய்ச்சி பண்றோம்"னாங்க. பொண்ணு நம்ம ஊரு முகமாத் தெரிஞ்சுச்சு, காலேஜ் புள்ளையா இருக்கும்னு விட்டுட்டேன். டாப் ஸ்டேஷன்ல எறங்கி, அந்தா பாத்துட்டு வந்துர்றோம்னு போனவங்க, கொடைக்கானல் பக்கம் போற ஜீப்புல ஏறிட்டாங்க. ஏறுறப்ப அந்தப் பொண்ணு திரும்பி எனக்கு ஒரு கும்பிடு போட்டுச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு.

வெறும் வண்டியோட போடிக்கு எறங்கி வந்தேன். அதுக்குள்ள சேதி பரவியிருந்துச்சு. மறுநாள் அந்தப் பொண்ணோட அம்மா ஸ்டாண்டுக்கே வந்துட்டாக. ஸ்டாண்டுல இருந்த அத்தனை டிரைவரும் எனக்குச் செருப்படி நிச்சயம்னு சுத்தி நின்னாய்ங்க, வேடிக்கை பாக்கத்தான். அந்தம்மா கண்ணு ரெண்டும் வீங்கிப்போயி இருந்துச்சு. என் முன்னாடி வந்து நின்னு, மெதுவாக் கேட்டாக:

"போற வழியில எம்மக ஏதாச்சும் சாப்பிட்டாளா தம்பி?"

சுருளியில

ஆடி அமாவாசை எங்க லைன்ல பெரிய நாளு. கம்பத்துக்கு அந்தப் பக்கம் சுருளி அருவிக்கு, அப்பன் தாத்தனுக்கு எள்ளுந்தண்ணியும் எறைக்க ஊரே கெளம்பும். ஒரு வண்டியும் சும்மா நிக்காது. நானும் விடியக்காலமே பார்ட்டியை ஏத்திக்கிட்டுப் போவேன். ஆனா தண்ணியில எறங்க மாட்டேன். செத்தவருக்குத்தான எள்ளு எறைக்கணும்? உசுரோட இருக்குறவருக்கு எறைச்சா என்னாகும்? "உங்கய்யா இருக்கையில எள்ளைத் தொட்டேன்னா கையை முறிச்சுப்புடுவேன்"னு எங்காத்தா எத்தனையோ தடவை சொல்லிருக்கா. அத்தனை வருசம் கழிச்சும் தாலியும் குங்குமமுமா இருந்தவகிட்ட நான் என்னத்தைப் பேச?

ஒரு வருசம் சின்னமனூர்ப் பார்ட்டி. அதுல ஒரு அம்மா, அவுக வீட்டுக்காரரு செத்து அதுதான் மொத ஆடி. ஈரச் சேலையோட வண்டிக்கு வந்து எனக்கும் ஒரு பழம் குடுத்துட்டு, "ஏன் தம்பி, நீங்க முங்கலையா? அப்பா இருக்காகளா?"ன்னு கேட்டாக. வழக்கமா ஆமான்னு தலையாட்டிருவேன். அன்னைக்கு என்னமோ வாயில உண்மை வந்துருச்சு. "தெரியலைங்கம்மா"ன்னேன். அந்தம்மா ஈரத் தலையைத் துவட்டுன கையை நிப்பாட்டிட்டாக.

"அப்பா இருக்காரா இல்லையான்னு தெரியாம ஒரு பிள்ளையா? வெளையாடாதீங்க தம்பி."

தோட்டத்துத் தமிழ்

எம்பதுகள்ல அம்பது வயசு தாண்டுன ஒரு வெள்ளைக்காரரு வந்தாரு. சின்னப் பிள்ளையா இருந்தப்ப மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்துல வளந்தவராம். தமிழ் பேசினாரு. ஆனா சமையக்காரன்கிட்டயும் தோட்டக்காரன்கிட்டயும் பேசிப் பழகுன தமிழு. எல்லாருக்கும் 'டா'தான். "டேய் டிரைவர், மெதுவாப் போடா"ம்பாரு, அவ்வளவு பாசமா. போடிமெட்டு செக்போஸ்ட்ல போலீஸ்காரரைப் பாத்து, "கேட்டைத் தொறடா"ன்னுட்டாரு. எனக்கு வேர்த்துருச்சு. நல்லவேளை போலீஸ்காரரு விழுந்து விழுந்து சிரிச்சுட்டாரு, தப்பிச்சோம்.

டாப் ஸ்டேஷன் தாண்டி வண்டி போற வரைக்கும் போனோம். போற வழியில அவரு அம்மாவைப் பத்திச் சொன்னாரு. சண்டைக் காலத்துல அந்தம்மா டிரங்குப் பெட்டியைக் கட்டி வச்சுக்கிட்டு, ஓடணும் ஓடணும்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாகளாம். 'எங்காத்தாளும் வாசலைத்தான் தொரை பாத்துக்கிட்டு இருக்கா'ன்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு வளைவுல, "நிப்பாட்டுடா"ன்னாரு. ஓரத்துல பாசி பிடிச்சு ஒரு கல்லுக் குவியல். "இங்கதான்டா பொதைச்சாங்க. ரோட்டு வேலை பாத்த ஆளுங்க. கீழ போடியில இருந்து வந்தவங்க. மழைக்காலத்துல குளிர் காய்ச்சல் வந்துச்சு. எங்கம்மா மாத்திரை குடுத்து அனுப்புனா, பத்தல. நான் குதிரை மேல உக்காந்து பாத்தேன்டா."

அன்னைக்குத்தான் மொத மொதல்ல ஒரு பார்ட்டியோட நானும் வண்டியை விட்டு எறங்குனேன். "தொரை, அதுல பெருமாளுன்னு ஒருத்தரு இருந்தாரா? போடிப் பெருமாளு?"ன்னு கேட்டேன். அவரு என் முகத்தையே பாத்தாரு. புரிஞ்சுக்கிட்டாரு. தலையில இருந்த தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம் 'டா' வரல. அந்தக் காலத்துல ஆளுங்க அவருகிட்டப் பேசுன தமிழு வந்துச்சு:

"பேரு தெரியாதுங்க ஐயா. நாங்க யாருமே கேக்கலைங்க."

பின் சீட்டுப் பார்ட்டி

இதை எங்காத்தாகிட்டச் சொல்ல எனக்கு ரொம்ப நாளா நாக்கு எழும்பல. ஒருநா சாப்பிடுறப்ப பட்டுன்னு சொல்லிட்டேன். அவ அழுகல, கத்தல. என் தட்டுல ரசத்தை ஊத்திக்கிட்டே, "அந்த எடத்தை எனக்குக் காட்டு"ன்னா. நம்ப மாட்டீங்க, அதுவரைக்கும் அவ மலை ஏறுனதே இல்ல. கூடக் காய் பொறுக்குன பொம்பளைக எல்லாம் ஜீப்புல தொத்திக்கிட்டு எஸ்டேட் வேலைக்குப் போறப்ப, இவ மட்டும் போக மாட்டா. "போனா, புருசனைத் தேடிப் போறான்னு சொல்லுவாளுக"ம்பா. அம்புட்டு ரோசம்.

முதலாளிகிட்ட விசயத்தைச் சொன்னேன், உடனே சாவியைக் குடுத்துட்டாரு. காலையில ஆத்தா வந்து நின்ன கோலத்தைப் பாக்கணுமே. புதுச் சேலை, காசு அகலத்துக்குக் குங்குமம், தலை நெறைய மல்லிகைப்பூ. "முன்னாடி உக்காரு ஆத்தா"ன்னேன். "ஏன், பார்ட்டி எல்லாம் பின்னாடிதான உக்காருது?"ன்னு சொல்லிட்டுப் பின் சீட்டுல ஏறிக்கிட்டா. போடிமெட்டு வளைவுகள்ல எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வந்தவ, பூப்பாறை தாண்டுனதும் நிமிந்து உக்காந்தா. அதுக்கப்புறம் ரோட்டோரத்துல போற ஒவ்வொரு வயசான ஆளையும் எட்டி எட்டிப் பாத்தா. டீக்கடையில உக்காந்திருந்தவங்க, எஸ்டேட் லயத்து வீட்டு வாசல்ல பீடி குடிச்சுக்கிட்டு இருந்தவங்க, ஒருத்தரையும் விடல. நான் கண்ணாடியில அவளைப் பாத்துக்கிட்டே ஓட்டுனேன். ஓட்டவே முடியல.

அந்த வளைவுல எறக்கிவிட்டேன். சுத்திப் பனி. கீழ சோலைக்காடு, மேல புல்லு மேடு, ரோட்டையே பாதி புல்லு மூடிருச்சு. ஆத்தா கல்லுக் குவியலைப் பாக்குறதுக்கு முன்னாடி நாலா பக்கமும் பாத்தா. "இங்க வீடே இல்லையேடா மாரி"ன்னா. "இல்ல ஆத்தா." "அந்தா, அந்த மேட்டுக்கு அங்கிட்டு?" "அங்கிட்டும் காடுதான் ஆத்தா." "பொகை கிகை ஒண்ணும் தெரியலையே?" நான் வண்டியில இருந்து அவ கூடையை எடுத்துக் குடுத்தேன். அப்புறம் கல்லுகிட்டப் போயி உக்காந்தா. கூடையைத் தொறந்தா. கட்டுச்சோறு மூணு பொட்டலம். எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. மூணாவது யாருக்குன்னு நான் கேக்கவே வேண்டியதில்ல, அவரு கெடைச்சுட்டாக் குடுக்குறதுக்குத்தான் கட்டியிருக்கா. அதைப் பிரிச்சு அந்தக் கல்லு மேல வச்சா. தலையில இருந்த பூவை எடுத்துப் பக்கத்துல வச்சா. அப்பத்தான் அழுதா. நானும் அழுதேன், அதுல என்ன இருக்கு. அழுதுக்கிட்டே சொன்னா:

"ஊரு பூரா சொன்னப்ப எல்லாம் மல்லுக்கு நின்னேன். உள்ளுக்குள்ள மட்டும், எவ கையிலயாச்சும் ஒரு வாய் சோறு தின்னுக்கிட்டு உசுரோட இருக்கட்டும்னுதான்டா நெனச்சேன். ஓடிப்போயிருக்கலாமேடா மாரி, அந்த மனுசன் ஓடிப்போயிருக்கலாமே!"

அதுல இருந்து முதலாளி எவ்வளவு கெஞ்சினாலும் ஆடி அமாவாசைக்கு மட்டும் நான் சவாரி எடுக்குறதில்ல, அன்னைக்குச் சுருளியில நான் டிரைவர் இல்லைங்க, பார்ட்டி.