மூடுபனி இல்லாத ஊர்

கனடாவில் நான் இருக்கும் ரெஜைனா நகரத்தில், ஜனவரி மாதக் காலைகளில் எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னல் திரையை விலக்கி வானத்தைப் பார்ப்பேன். மேகம் மூடியிருந்தால் மனசு லேசாகிவிடும். அன்றைக்குக் குளிர் கொஞ்சம் தயவு காட்டும். வானம் கழுவித் துடைத்தது போல நீலமாக இருந்து, வெயில் கண்ணைக் கூச வைத்தால்தான் பயம். அன்றைக்குக் குளிர் மைனஸ் முப்பதைத் தொட்டுவிடும். உள்ளே இரண்டு சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேலே தடித்த கோட்டு, கையுறைக்கு மேல் கையுறை என்று சுற்றிக்கொண்டு நிறைமாதக்காரி போல நடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போவேன். வெயிலைக் கண்டு பயப்படுகிற ஊர் இது. நான்கு குளிர்காலம் கழிந்த பிறகும் என் உடம்பு இதை நம்ப மறுக்கிறது.

நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. நான் ஏற்காட்டுக்காரி. நாகலூரில், காப்பி எஸ்டேட்டுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் மலையில் குளிர் என்றால் மூடுபனிதான். எதிர்வீட்டு வாசல் தெரியாமல் போனால் குளிர், தெரிந்தால் குளிர் இல்லை. வெயில் எட்டிப் பார்த்ததுமே களத்தில் காப்பிக்கொட்டை கிளறுகிறவர்களிலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரை எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் இங்கே வந்த முதல் ஜனவரியில், பளிச்சென்று வெயில் அடித்த ஒரு நாள், ஒற்றை ஸ்வெட்டரோடு காதில் ஜிமிக்கி ஆட பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். ஒரு கிழவர் லாரி மாதிரியான வண்டியை ஓரம் கட்டி, என் காதைக் காட்டிக் காட்டி என்னவோ சொன்னார். ஜிமிக்கியைத்தான் மெச்சுகிறார் என்று எண்ணி, "தேங்க் யூ, ஃப்ரம் சேலம்" என்று சிரித்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் தலையில் காது மறையும்படி இழுத்து மாட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் காது மடல் தோலுரிந்தது.

இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது நாங்களேதான், யாரும் பிடித்துத் தள்ளவில்லை. ஏற்காட்டில் ஏரிக்கரை ஓரத்து லாட்ஜ் ஒன்றில் நான் வரவேற்பு மேசையில் இருந்தேன். என் கணவர் முருகேசன் எஸ்டேட் ஜீப் ஓட்டினார். டொராண்டோ பக்கம் போனால் குளிர் குறைவு, ஆனால் கூட்டம் அதிகம், வேலைக்கு அடிதடி. நடுவில் இருக்கும் சமவெளிக்குக் குளிருக்குப் பயந்து ஆட்கள் வருவதில்லை, அதனால் வேலையும், நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பி.ஆரும் சீக்கிரம் கிடைக்கும் என்றார் எங்களை அனுப்பி வைத்த ஏஜென்ட். "ஏனுங்க, மலையில பொறந்தவங்களுக்குக் குளிரு ஒரு கணக்குங்களா?" என்று கேட்டு அன்றைக்கு அவரையே சிரிக்க வைத்தவள் நான். வேலை கிடைத்தது, பொய் சொல்லக் கூடாது. எனக்கு முதியோர் இல்லத்தில் கேர் எய்ட் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது. கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பை ஒடித்துத் திருப்பிய மனிதர், வளைவே இல்லாத சாலையில் லாரி ஓட்டி, தூக்கம் வராமலிருக்க மிளகு மெல்லுகிறார். நானும் குளிர்ப் பிரதேசத்துக்காரிதான் என்று கூட வேலை செய்யும் டெப்ராவிடம் ஒரு தடவை பெருமை அடித்தேன். எத்தனை டிகிரி என்றாள். பன்னிரண்டு என்றேன். "மைனஸ்?" என்றாள். "ப்ளஸ்" என்றேன். நான் ஜோக் சொன்னதாக நினைத்து விழுந்து விழுந்து சிரித்து, அதை எல்லா அறையிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது என் தங்கை கல்பனாவின் வீடியோ கால். நான் காலை ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்பும்போது அங்கே சாயங்காலம் ஐந்து மணி. நாகலூரில் அப்பா கட்டிய வீட்டில், அம்மாவுக்குப் பக்கத்தில், மங்கி குல்லா போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒரு கையில் காப்பியும் மறு கையில் மிளகாய் பஜ்ஜியுமாக, "நொம்ப குளுருதுங்க்கா, வாசல்ல எறங்க முடியல" என்பாள். பின்னால் ஜன்னலில் மூடுபனி பால் மாதிரி நிற்கும். எனக்கு வயிறு எரியும். பஜ்ஜி மேல் மட்டுமில்லை, அம்மா மேல் மட்டுமில்லை, அவள் படுகிற குளிர் மேலேயே பொறாமை. அது அடுப்பு மூட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தால் போய்விடுகிற குளிர், ஊர் ஊராக ஆட்கள் பஸ் ஏறி வந்து அனுபவித்துவிட்டுப் போகிற குளிர். போதாக்குறைக்கு அவள் அரசாங்க நர்ஸ். மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் "வாங்க சிஸ்டர்" என்று எழுந்து நிற்கிறார்கள். படிப்பு அவளுக்கு வந்தது, எனக்கு வாய்தான் வந்தது. சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் இருந்த பங்கீடு இது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அவளே கேட்டாள். அவள் மகள் யாழினிக்கு அப்போது ஐந்து வயது. மூடுபனி மாதங்களில் குழந்தைக்கு இழுப்பு வந்துவிடும், நெஞ்சு கூடு மாதிரி உள்வாங்கும். "அக்கா, அங்க நர்ஸுக்கு நெறைய வேலை இருக்குதாமா. எல்லாத்தையும் உட்டுட்டு அங்கயே வந்துரலாமான்னு பாக்கறேனுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க்கா. உங்கூர்ல மூடுபனி இருக்குதுங்களா?"

எனக்குள் இரண்டு பொறாமை ஒரே நேரத்தில் எழுந்தன. இவள் வந்தால் இரண்டு மூன்று வருஷத்தில் பரீட்சை எழுதி இங்கேயும் நர்ஸாகிவிடுவாள். நான் படுக்கை மாற்ற, அவள் கையெழுத்துப் போடுவாள். வரக் கூடாது. ஆனால் வந்தால் அந்தக் காப்பி, அந்த ஜன்னல், அம்மாவின் பக்கத்து இடம் எல்லாம் அவள் கையைவிட்டும் போகும். நான் இழந்ததை அவளும் இழப்பாள். வரட்டும். இரண்டாவது பொறாமைதான் ஜெயித்தது.

"மூடுபனியெல்லாம் இங்க பாக்கறதே அபூர்வம் கண்ணு. நாள் பூரா வெய்யலு" என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

நர்ஸுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். குளிர்காற்று குழந்தைக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். மைனஸ் முப்பது என்று போனிலும் பார்த்திருக்கிறாள். "அது ராத்திரிக்குத்தானுங்க்கா? பகல்ல வெய்யல் வந்துருமில்லீங்க?" என்றாள். வெயில் அடிக்கும்போதே குளிர் கொல்லும் என்பது எங்கள் மலையில் பிறந்த ஒருவருக்கும் தோன்றாது, படித்தவர்களுக்கும்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான், "வெய்யல் வந்துரும்" என்றேன். ஈரமில்லாத இந்தக் குளிர்காற்று உள்ளே போனாலே டெப்ரா வாசலில் நின்று இருமி இருமி இழுப்பு மருந்தை உறிஞ்சுவதைச் சொல்லவில்லை. கோடையில் காட்டுத்தீப் புகை வந்து வாரக்கணக்கில் ஜன்னல் திறக்க முடியாததையும் சொல்லவில்லை. வேலை எப்படி, வீடு எப்படி என்று அவள் கேட்டதற்கெல்லாம் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன். கனடா வருவதற்கான ஆங்கிலப் பரீட்சையில் நான் இரண்டு தடவை முட்டி மோதி எடுத்த மார்க்கைவிட அவள் ஒரே தடவையில் அதிகம் எடுத்தாள். அன்றைக்கும் வயிறு எரிந்தது.

போன ஜனவரியில் ஒரு மாத விடுப்பில் ஊருக்குப் போனேன். காப்பிப் பழம் பறிக்கிற நேரம். மலை ஏறும்போதே பஸ் கண்ணாடியில் மூடுபனி ஒட்டிக்கொண்டது. நான் மட்டும் ஜன்னலைத் திறந்து வைத்து எல்லோரிடமும் திட்டு வாங்கினேன். வீட்டில் ஒரு வாரம் ராணி மாதிரி இருந்தேன். ஆனால் ஒவ்வொரு விடியலிலும் பக்கத்து அறையில் யாழினியின் நெஞ்சிலிருந்து வரும் சத்தமும், அவளுக்கு மருந்துப் புகை கொடுக்கும் மெஷினின் சத்தமும் கேட்கும். அம்மா குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நாளுதான் சாமி. பெரீம்மா ஊருக்குப் போயிட்டா எல்லாஞ் சரியாப் போயிரும். பெரீம்மா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்பார். நான் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொள்வேன்.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, காலை பத்து மணி வாக்கில் மூடுபனி விலகி வெயில் வந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கல்பனா ஒரு தாளை நீட்டினாள். வேலையை ராஜினாமா செய்யும் கடிதம். "இங்கிலீசு சரியா இருக்குதான்னு ஒரு பார்வை பாத்துருங்க்கா. மத்தியானம் போயிக் குடுத்தர்றேன்." நான் இரண்டாவது வரி படித்துக்கொண்டிருக்கும்போது யாழினி வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள். வெயிலைப் பார்த்ததும் குல்லாயைப் பிடுங்கி எறிந்தாள். ஸ்வெட்டரைத் தலைவழியே உருவித் தரையில் போட்டாள். கையை அகல விரித்து, வாயைத் திறந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"பெரீம்மா, உங்கூர்ல நாள் பூரா இப்படியேதானுங்க? அங்க வந்தா நான் ஸ்வெட்டரே போட வேண்டாமில்லீங்க?"

அந்தத் திறந்த வாய்க்குள் ரெஜைனாவின் காற்று போவதைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"கல்பனா, இதக் குடுக்க வேண்டாம். அங்க வெய்யல் அடிக்கிற அன்னைக்குத்தான் குளிரு ஜாஸ்தி. மைனஸ் முப்பதுங்கறது பகலுக்குந்தான். அந்தக் காத்து இவ நெஞ்சுக்கு ஆகாது. கோடையில காட்டுத்தீப் பொகை வேற வரும். எனக்கு எல்லாந் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்."

கல்பனா தரையில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்து உதறினாள். பிறகு கேட்டாள். "நான் அங்க வந்து நர்ஸாயிட்டா உங்களுக்கு மேல போயிருவேன்னுதானுங்க்கா இப்ப இப்பிடிச் சொல்றீங்க?"

ஏமாற்றியபோது என்னை நம்பினாள். உண்மையைச் சொன்ன அன்றைக்குத்தான் என் பொறாமை அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"அந்தப் பொறாமையும் இருக்குது கண்ணு. இல்லேங்கல. ஆனா கொழந்தை மேல ஆணை, இப்பச் சொல்றது நெசம்."

"அப்ப முன்னால சொன்னது?"

"அதும் நெசந்தான். நீ தப்பாத்தான் புரிஞ்சுக்குவேன்னு தெரிஞ்சு சொன்ன நெசம்."

கல்பனா என் மடியிலிருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த நான்கு நாளும் சோறு போட்டாள், துணி மடித்துக் கொடுத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பஸ் ஏறும்போது அம்மா மட்டும் வந்து நின்றார். புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

கடிதத்தை அவள் கொடுக்கவில்லை என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குப் பதிலாக இடமாறுதல் கேட்டு வாங்கி, மலையடிவாரத்தில் குப்பனூர்ப் பக்கம் இறங்கிவிட்டாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். குளிர் நாட்டுக்குக் கிளம்பியவள் வெக்கைக்கு இறங்கிவிட்டாள். வாரம் ஒரு முறை சுருக்கமாகச் செய்தி வரும். "இங்க ஒரே வேர்வைங்க்கா. பாப்பாவுக்கு இழுப்பு இல்லீங்க." முதல் தடவை அதைப் படித்துவிட்டு முதியோர் இல்லத்துக் குளியலறையில் நின்று அழுதேன். டெப்ரா ஊரில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை, குழந்தை நன்றாக இருக்கிறாள் என்றேன். அதற்கு ஏன் அழுகிறாய் என்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனாள்.

நாகலூர் வீட்டை, சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை கொடுக்கும் ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். பூட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும், சரியான முடிவுதான். இனிமேல் அந்த ஜன்னலுக்கு முன்னால் பஜ்ஜி தின்கிறவள் யாரும் இல்லை, வயிற்றெரிச்சல் தீர்ந்தது என்று நினைத்தேன். போன வாரம், வெயில் பளபளத்த ஒரு காலையில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது போனில் அந்த வீட்டைத் தேடிப் பார்த்தேன். படம் படமாகப் போட்டிருக்கிறார்கள். அம்மா படுத்திருந்த அறைக்கு "மிஸ்ட் வியூ" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாரோ ஒரு பெண் அங்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் காப்பியோடு சிரிக்கிறாள். கீழே, குளிர் அருமை, மறுபடியும் வருவோம் என்று எழுதியிருக்கிறாள். முன்பின் தெரியாத அவள் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையுறையைக் கழற்றி, அடுத்த விடுப்புத் தேதியை அழுத்தினேன். எத்தனை விருந்தினர் என்று கேட்டது, ஒன்று என்றேன். சொந்த ஊர் எது என்று அடுத்த கட்டம் கேட்டது. நாகலூர் என்று எழுதினேன். உள்ளூர்க்காரர்களுக்கு அறை தருவதில்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. விரல் விறைத்துக்கொண்டிருந்தது. பஸ் வருவதற்குள் அதை அழித்துவிட்டு, ரெஜைனா என்று எழுதினேன். வருக வருக என்றது எங்கள் வீடு.