உக்பா பள்ளியின் தூண்களை எண்ணியவள்

துனிசியாவின் கைரவான் ஊரில் திஜானி பொரிக்கும் மக்ரூத் பலகாரத்துக்குத் தனி மவுசு. பேரீச்சம்பழம் வைத்த ரவைத் துண்டுகளை எண்ணெயில் போட்டு, நிறம் பார்த்து எடுத்துத் தேன்பாகில் நழுவவிடுகிற கை அது. அந்த நிறம்தான் இப்போது அவருக்குத் தெரியவில்லை. குளிர்காலத்தில் புகைமாதிரி ஏதோ கண்ணில் படிந்தது. கோடைக்குள் வெந்ததும் கருகியதும் ஒன்றாகிப்போயின. ஒருநாள் கரண்டியைத் தேடிய விரல்கள் கொதிக்கிற எண்ணெயில் இறங்கின.

பெண்டாட்டி மப்ரூக்கா ஆஸ்பத்திரிக்கு வா என்றால் மாட்டேன் என்றார். காரணத்தைக் கேட்டால் வெளியூர்க்காரன் சிரிப்பான், கைரவான்காரன் சிரிக்கமாட்டான். உக்பாவின் பெரிய பள்ளிவாசலில் தூண்களை எண்ணக் கூடாது, எண்ணினால் கண் அவிந்துபோகும். பாலோடு சேர்த்து ஊட்டுகிற பயம் இது. படித்துக் கிழித்தவர்கள்கூட அங்கே பார்வையைத் தாழ்த்திக்கொண்டுதான் நடப்பார்கள். திஜானி சின்ன வயதில் பந்தயம் கட்டி எண்ணியிருந்தார். அதை இத்தனை காலமும் அவளிடம்கூட மூச்சுவிடவில்லை.

இப்போது சொன்னார். மப்ரூக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீ எண்ணினப்ப உனக்கு மீசைகூட முளைக்கல. இப்பத்தான் வந்து சேருதா? அவ்வளவு சோம்பேறிச் சாபமா அது?"

"விளையாடாத மப்ரூக்கா. வரவேண்டியது வந்திருக்கு. டாக்டர் என்ன பண்ணுவாரு?"

"சரி மனுஷா. நான் போய் எண்ணுறேன். அடுத்த வெள்ளிவரைக்கும் என் கண்ணு நல்லா இருந்தா, வாயை மூடிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ரெண்டு குருடும் சேர்ந்து பொரிப்போம். ஊரே கருகல் தின்னட்டும்."

சொன்னதைச் செய்யாமல் விடுகிற ஜென்மம் அல்ல அவள். மறுநாள், தொழுகை இல்லாத வேளையில் இருவரும் போனார்கள். உள்ளே குளிர்ந்து கிடந்தது. திஜானி வாசல் பக்கமே உட்கார்ந்துவிட்டார். தூண்கள் அவருக்குப் புகைக்குள் நிற்கும் ஆட்கள்போலத் தெரிந்தன. அவள் ஒவ்வொன்றையும் தொட்டு எண்ண எண்ண, குரல் தள்ளித்தள்ளிப் போயிற்று.

நடுவில் 'தொப்' என்று சத்தம்.

"என்னாச்சு?"

"தோள்ல இடிச்சுக்கிட்டேன்."

கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை. பிறகு இன்னொன்று.

"அது உன்னைத் தள்ளுது. போதும், வந்துரு."

"கல்லு எங்க தள்ளும்? வழியில நிக்குது, அவ்வளவுதான்."

திரும்பி வந்து, எண்ணிக்கையைப் பெருமையாகச் சொன்னாள். திஜானி எண்ணியதைவிட அது ரொம்பக் குறைவு. கொஞ்சநஞ்சம் விட்டுப்போகிற வித்தியாசம் இல்லை. கேட்கப் பயந்துகொண்டு செருப்பைத் தேடினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மப்ரூக்கா ஊசியில் நூல் கோத்துக் காட்டினாள். வேறு வழியில்லாமல் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, வெறும் கண்புரை, ஆபரேஷன் பண்ணினால் பழையபடி தெரியும் என்றாள். திஜானி சின்னப்பிள்ளைமாதிரி அழுதார். அழுது முடித்ததும், "இவளுக்கும் ஒரு தடவை பாத்துருங்க" என்று பிடிவாதம் பிடித்தார்.

"எனக்கென்ன கேடு?" என்று முணுமுணுத்தபடி மப்ரூக்கா கருவியில் முகவாயை வைத்தாள். டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"அம்மா, நடக்கும்போது அடிக்கடி இடிச்சுக்கிறீங்களா?"

"நேரா பாத்தா எல்லாம் தெரியுதே."

"நேரா தெரியும். ரெண்டு ஓரமும் போயிருச்சு. கண்ணுக்குள்ள அழுத்தம். பல வருஷமா சத்தமில்லாம தின்னுக்கிட்டு வந்திருக்கு. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்த மருந்து தரேன்."

பல வருஷமாக என்று டாக்டரம்மா அழுத்தித்தான் சொன்னாள். தூண்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று திஜானிக்கு விளங்கத்தான் செய்தது. விளங்கி என்ன பிரயோஜனம்? காதுக்குள் அந்த 'தொப்' சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் எண்ணாமல் விட்ட தூண்கள் எல்லாம் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றிருக்கின்றன.

வெளியே படியில் மப்ரூக்கா நின்றாள்.

"மனுஷா, நீ அன்னிக்கு எத்தனை எண்ணின? உண்மையைச் சொல்லு."

திஜானி அவள் சொன்ன எண்ணிக்கையையே சொன்னார்.

"உனக்குப் பொய் சொல்லவே வராது" என்று சொல்லி, அவள் தன் கையை முன்னால் நீட்டித் துழாவினாள். பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த அவர் கை அவளுக்குத் தெரியவில்லை. திஜானி சுற்றிவந்து அவளுக்கு நேர் எதிரே நின்றார்.